ஃபேர்னஸ் நின்ற இரவில் யாரைக் கூப்பிடுவது?

ஜனவரி நடுவில், வெளியே மைனஸ் 20 காட்டுகிற இரவில் வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் நின்றுபோனால் குளிரை எப்படியும் சமாளித்துவிடலாம். போர்வை இருக்கிறது, ஒரு சின்ன மின்சார ஹீற்றர் இருக்கிறது, மிஞ்சினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போகலாம். அந்தப் பதற்றத்தில் கூகிளில் முதலாவதாக வந்த நம்பருக்கு அடித்து, வந்தவர் நீட்டிய தாளில் கையெழுத்தும் வைத்துவிட்டால், அதைச் சமாளிக்கத்தான் 10 வருசம் போகும். ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்கள் தமிழ் ஆட்கள் வீடுகளில் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

நான் இந்தத் தொழில் செய்பவன் இல்லை. சொந்தக்காரர் வீட்டில் ஏதாவது மெஷின் நின்றால் முதல் போன் எனக்கு வரும், அவ்வளவுதான். மெக்கானிக் வேலை செய்யும்போது பேஸ்மென்ட்டில் பக்கத்தில் நின்று டோர்ச் பிடித்துக்கொண்டே கேள்வி கேட்கிற பழக்கம் எனக்கு உண்டு. சிலருக்கு அது எரிச்சல். தொழில் தெரிந்தவர்கள் மட்டும் உற்சாகமாகி, கழற்றிய பாகத்தைக் கையில் தந்து விளக்கம் சொல்வார்கள். அப்படிப் பொறுக்கிச் சேர்த்தவைதான் இவை. எல்லாம் கனடாவின் ஒன்ராறியோ மாகாண நிலவரம். மற்ற மாகாணங்களில் சட்டம் வேறு.

யாரையும் கூப்பிட முதல் வீட்டிலேயே பார்த்துவிட வேண்டியவை சில இருக்கின்றன. சூட்டைக் கூட்டிக் குறைக்கிற தேர்மோஸ்டாட்டில் பற்றறி செத்திருக்கிறதா? பேஸ்மென்ட் படிக்குப் பக்கத்தில், லைற் சுவிட்ச் மாதிரியே இருக்கிற ஃபேர்னஸ் சுவிட்சை யாராவது தவறுதலாக அணைத்துவிட்டார்களா? ஃபேர்னஸின் கீழ்க் கதவு சரியாகப் பொருந்தியிருக்கிறதா? அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பாதுகாப்பு சுவிட்ச் உண்டு. கதவு ஒரு விரல் அளவு விலகி இருந்தாலும் மெஷின் உயிரே இல்லாத மாதிரிக் கிடக்கும். ஃபில்டர் மாற்றிய அன்று இரவு "ஃபேர்னஸ் வேலை செய்யவில்லை" என்று போன் வந்தால் எனக்கு முதலில் அந்தக் கதவுதான் ஞாபகம் வரும். ஃபில்டரே தூசி அடைத்துக் கம்பளி மாதிரி இருந்தாலும் மெஷின் சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

அப்புறம் வெளியே போய்ப் பாருங்கள். இப்போதைய ஃபேர்னஸ்களுக்குப் புகைபோக்கி கிடையாது. பெரும்பாலும் சுவர் வழியாக இரண்டு பிளாஸ்ரிக் குழாய்கள் வெளியே வரும். ஒன்று காற்றை உள்ளே இழுக்க, மற்றது எரிந்த வாயுவை வெளியே தள்ள. ஒரு பெரிய பனிப்பொழிவுக்கு மறுநாள் மார்க்கத்தில் சித்தி வீட்டில் ஹீட்டிங் நின்றுவிட்டது. சித்தப்பா இரண்டு கொம்பனிகளிடம் விலை விசாரித்துவிட்டுத்தான் எனக்கு அடித்தார். வீட்டின் பக்கவாட்டில் போய்ப் பார்த்தால், காற்று சறுக்கிக் குவித்த பனி இரண்டு குழாய்களையும் மூடியிருந்தது. மண்வெட்டியால் தள்ளிவிட்டு, சுவிட்சை அணைத்துத் திரும்பப் போட்டதும் ஃபேர்னஸ் எடுத்துக்கொண்டது. சித்தப்பா உடனே போனை எடுத்து அந்த இரண்டு கொம்பனிக்கும் "வேண்டாம்" என்று சொன்ன குரலில் இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அது ஏன் நின்றது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். தேர்மோஸ்டாட் "சூடு வேண்டும்" என்று கேட்டதும் ஃபேர்னஸ் எடுத்த எடுப்பில் காஸைத் திறக்காது. முதலில் ஒரு சின்ன விசிறி சுழன்று பழைய வாயுவை வெளியே தள்ளும். காற்று ஒழுங்காகப் போகிறது என்று பிரஷர் சுவிட்ச் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு இக்னைற்றர் செக்கச் சிவந்து ஒளிரும். அதற்குப் பிறகுதான் காஸ் வால்வ் திறக்கும். தீ பற்றியதை ஃபிளேம் சென்சர் சில செக்கன்களுக்குள் உறுதிப்படுத்தாவிட்டால் காஸ் பூட்டப்படும். எல்லாம் சரியென்றால் கொஞ்ச நேரம் கழித்துப் பெரிய விசிறி வீட்டுக்குள் சூட்டை அனுப்பும். இந்த வரிசையில் எந்த இடத்தில் நின்றாலும் அது பாதுகாப்புக்காக நின்றதுதான். எங்கே நின்றது என்பதை உள்ளே ஒரு சின்ன விளக்கு சிமிட்டிச் சிமிட்டிச் சொல்லிக்கொண்டிருக்கும். கதவில் இருக்கிற சின்னக் கண்ணாடி ஓட்டை வழியாகப் பார்த்து எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். அதற்கு என்ன அர்த்தம் என்ற அட்டவணை கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. "ஹீட் வரவில்லை" என்று சொல்லிக் கூப்பிடுகிறவருக்கும் "மூன்று சிமிட்டு, பிரஷர் சுவிட்ச் என்று போட்டிருக்கிறது" என்று சொல்லிக் கூப்பிடுகிறவருக்கும் கிடைக்கிற பதிலே வேறு.

ஒன்றை மட்டும் ஆராய்ந்துகொண்டு நிற்க வேண்டாம். காஸ் மணத்தாலோ, காபன் மொனொக்சைட் அலாரம் அடித்தாலோ சுவிட்ச் ஒன்றையும் தொடாமல் எல்லோரும் வெளியே வந்த பிறகுதான் 911. இந்த அலாரம் ஒன்ராறியோவில் சட்டப்படி கட்டாயம். அதற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் சாவு இருக்கிறது. 2008 டிசம்பரில் வூட்ஸ்ரொக் நகரில் ஹோக்கின்ஸ் குடும்பத்தில் அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் நால்வரும், அடைபட்ட புகைவழியால் வீட்டுக்குள் நிறைந்த வாயுவில் இறந்துபோனார்கள். அந்த அம்மா மாகாணப் பொலிஸில் வேலை செய்தவர். 2013இல் வந்த சட்டத்துக்கு அவர்களின் பெயரையே வைத்தார்கள். பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டிருக்கிற எங்கள் ஆட்கள் கீழே இருப்பவர்களின் படுக்கையறைப் பக்கமும் ஒன்று மாட்டியிருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

சரி, இதெல்லாம் பார்த்தும் சரிவரவில்லை, ஆளைக் கூப்பிட்டே ஆக வேண்டும். யாரை?

எங்களுக்குள் முதலில் வருகிற பதில் "எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியன் இருக்கிறான்" என்பது. அந்தப் பெடியன் கெட்டிக்காரனாகவும் இருக்கலாம். ஆனால் காஸ் வேலைக்கு டி.எஸ்.எஸ்.ஏ. என்ற மாகாண அமைப்பின் சான்றிதழ் வேண்டும். வீட்டு ஃபேர்னஸில் தனியாகக் கை வைக்க அதில் ஜி2 அல்லது ஜி1 தரம் இருக்க வேண்டும். ஜி3 என்றால் இன்னொருவரின் மேற்பார்வையில்தான் செய்யலாம். அவர் வேலை செய்கிற கொம்பனியும் அதே அமைப்பில் பதிந்திருக்க வேண்டும். ஏசி வேலைக்கு வேறு உரிமம், 313ஏ அல்லது வீட்டு ஏசிக்கு மட்டுமான 313டி. குளிர்வாயுவைக் கையாள ஓ.டி.பி. என்ற அட்டையும் வேண்டும். ஃபேர்னஸ் தெரிந்தவருக்கெல்லாம் ஏசியும் செய்ய உரிமம் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கொம்பனிப் பதிவை டி.எஸ்.எஸ்.ஏ.யின் தளத்திலும், 313 உரிமத்தை ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ என்ற மாகாண அமைப்பின் தளத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

"அட்டையைக் காட்டுங்கோ" என்று கேட்க எங்களுக்குக் கூச்சம். அதுவும் ஊர்க்காரர் என்றால் சொல்லவே வேண்டாம். நான் அதைப் போனிலேயே கேட்டுவிடுவேன்: "தம்பி, வாறவரிட்ட ஜி2 இருக்குத்தானே? பில்லில நம்பர் போட்டுத் தருவீங்களா?" உரிமம் உள்ளவர்கள் இதற்குக் கோபித்து நான் கண்டதில்லை. படித்து, சோதனை எழுதி, மணித்தியாலம் முடித்து வாங்கிய அட்டை, அவர்களுக்கு அதில் பெருமைதான். காசாகக் கொடுத்து, பில் இல்லாமல், உரிமம் இல்லாதவரிடம் வேலை செய்வித்துவிட்டு நாளைக்கு ஒரு தீ விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்கிற கேள்வி யார் செய்தது என்பதுதான். தமிழிலேயே பேசி வேலை செய்கிற, முறையான உரிமத்தோடு இருக்கிறவர்கள் இந்த நகரத்தில் தாராளமாக இருக்கிறார்கள். வயதான அப்பா அம்மா தனியாக இருக்கிற வீட்டுக்கு அப்படி ஒருவரின் நம்பரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருப்பது பெரிய உதவி.

எங்கள் வீட்டில் ஃபேர்னஸ் பற்றி ஐந்தாறு செக்கன் எரிந்து அணையத் தொடங்கிய வருசம் வந்தவர் அப்படி ஒருவர்தான். மூன்று தரம் முயன்று பூட்டிக்கொள்ளும், ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்ப முயலும். அவர் சத்தத்தைக் கேட்டதுமே சிரித்தார். கதவைக் கழற்றி, ஒரே ஒரு திருகாணியைத் தளர்த்தி, மெல்லிய ஒரு கம்பியை வெளியே எடுத்தார், அதுதான் ஃபிளேம் சென்சர். பீங்கான் அடியில் இருந்து வளைந்து போகிற அந்தக் கம்பியின் நுனியில் வெள்ளை மங்கலாக ஒரு படலம். கழற்ற முதல் மீற்றரை இணைத்து எனக்குக் காட்டியிருந்தார், ஒரு மைக்ரோஅம்பியர் கூட வரவில்லை. தீ ஒரு மிக மெல்லிய மின்னோட்டத்தைக் கடத்தும், அதை வைத்துத்தான் "தீ இருக்கிறது" என்று ஃபேர்னஸின் மின்பலகை அறிகிறது. படலம் மூடினால் தீ இருந்தும் தெரியாது. இரும்புநாரால் இரண்டு தேய்ப்பு, திரும்ப மாட்டினார், மீற்றர் மூன்றைத் தாண்டியது. "பார்ட் ஒண்டும் தேவையில்லை அண்ணை, வந்ததுக்கு மட்டும் தாங்கோ" என்றார். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் பாதிப் பேருடைய வீட்டுக்கு அவர்தான் போகிறார்.

இதே கோளாறுக்கு "பலகை போய்விட்டது, உங்கள் ஃபேர்னஸுக்கு வயதும் போய்விட்டது" என்று புது மெஷின் விலைக்குப் போன வீடுகளையும் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றால், சில கொம்பனிகளில் வருகிறவருக்குப் பழுது பார்த்ததற்குச் சம்பளத்தைவிட புது மெஷின் விற்றதற்குக் கொமிசன் பெரிது. சட்டையில் எழுதியிருப்பது டெக்னீசியன் என்றுதான். வருகிற கட்டணம் இலவசம், பரிசோதனை இலவசம் என்ற விளம்பரத்தைக் கண்டால் நான் ஒதுங்கிவிடுவேன். நூறு, நூற்றைம்பது டொலர் வாங்கிக்கொண்டு கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்கிறவர் அந்தக் காசுக்காவது எனக்கு வேலை செய்கிறார். இலவசமாக வருகிறவருக்கு எங்கேயாவது விற்றாக வேண்டும்.

அவர்கள் கையில் இருக்கிற பெரிய ஆயுதம் "ஹீட் எக்ஸ்சேஞ்சர் வெடித்துவிட்டது" என்ற வசனம். தீ எரிகிற அறைக்கும் வீட்டுக் காற்றுக்கும் நடுவில் இருக்கிற உலோகச் சுவர் அது. உண்மையாகவே அதில் விரிசல் விழுந்து வெடித்தால் நச்சுவாயு வீட்டுக்குள் வரலாம், விளையாட்டில்லை. அதனால்தான் அதைச் சொன்னதும் எல்லோரும் விழுந்துவிடுகிறார்கள். என் நண்பன் வீட்டில் ஒருவர் இதைச் சொல்லி, மனைவியும் கைக்குழந்தையும் பார்த்துக்கொண்டிருக்க, அன்றைக்கே புதுசு போடாவிட்டால் ஆபத்து என்றார். நண்பன் எனக்கு அடித்தான். மூன்றே மூன்று கேளு என்றேன்: வெடிப்பைக் கமெராவில் படம் காட்டச் சொல், காபன் மொனொக்சைட் அளவை மீற்றரில் எடுத்துக் காட்டச் சொல், டி.எஸ்.எஸ்.ஏ. விதிப்படி டாக் என்கிற எச்சரிக்கைத் தாளை எழுதித் தரச் சொல். ஒன்ராறியோவில் உடனடி ஆபத்து என்றால் ஏ டாக், அந்த இடத்திலேயே காஸை மூட வேண்டும். உடனடி ஆபத்தில்லாத குறைபாடு என்றால் பி டாக், திருத்த 45 நாள் வரை அவகாசம். பொய்யாக டாக் எழுதினால் தன் உரிமத்துக்கே கேடு என்பதால், வெறும் வாயால் பயமுறுத்துகிறவர் அந்தத் தாளை எடுக்கத் தயங்குவார். நண்பன் வீட்டுக்கு வந்தவரும் படம் எடுக்கக் கமெரா தன் வாகனத்தில் இல்லை என்றார், மனேஜரிடம் கேட்க வேண்டும் என்றார், கடைசியில் விலையில் ஆயிரம் டொலர் குறைத்தார். ஆபத்து என்றால் விலை ஏன் குறைகிறது? அன்றிரவு ஃபேர்னஸை அணைத்துவிட்டு அவர்கள் எங்கள் வீட்டில் படுத்தார்கள், மறுநாள் வேறொரு ஜி2 வந்து கமெராவை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு ஒரு வெடிப்பும் இல்லை, தண்ணீர் வடிகிற குழாய் அடைத்திருக்கிறது என்றார். உண்மையாகவே வெடித்திருந்தாலும் அந்த ஒரு இரவைக் குளிரோடு கழித்துவிட்டு இரண்டாவது ஆளிடம் கேட்பதில் நட்டமில்லை.

கதவைத் தட்டி வருகிறவர்கள் இன்னொரு வகை. மாமி அதில்தான் மாட்டினார். பெரிய கொம்பனியின் ஆள் மாதிரிக் கழுத்தில் அட்டை தொங்க, "உங்கள் வோட்டர் ஹீற்றரைச் சோதிக்க வேண்டும்" என்று இரண்டு இளைஞர்கள் வந்திருக்கிறார்கள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாராம் மாமி. போகும்போது ஃபேர்னஸ், ஏசி இரண்டுக்கும் மாத வாடகை ஒப்பந்தத்தில் அவருடைய கையெழுத்து இருந்தது. வருசாவருசம் வாடகை ஏறும் என்பது சின்ன எழுத்தில். பல வருசம் கழித்து வீட்டை விற்கப் போனபோதுதான் சட்டத்தரணி அடித்துச் சொன்னார், வீட்டின் பத்திரத்தில் நோசி என்று ஒன்று, பூட்டிய சாமானில் கொம்பனிக்கு உரிமை இருக்கிறது என்கிற அறிவித்தல், பதிந்திருக்கிறது, அதைத் தீர்க்காமல் விற்க முடியாது என்று. ஒப்பந்தத்தை முடிக்க அந்தக் கொம்பனி கேட்ட தொகை ஒரு புது ஃபேர்னஸின் விலையையும் விடக் கூட. வீடு கைமாற வேண்டிய திகதி நெருங்கியதால் பேரம் பேசி ஒரு பங்கு குறைத்துக் கட்ட வேண்டி வந்தது.

இப்போது சட்டம் எங்கள் பக்கம். 2018 மார்ச் 1 முதல் ஒன்ராறியோவில் கூப்பிடாமல் வீட்டு வாசலுக்கு வந்து ஃபேர்னஸ், ஏசி, வோட்டர் ஹீற்றர் போன்றவற்றை விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ ஒப்பந்தம் எழுதுவது தடை. மீறி எழுதினால் அந்த ஒப்பந்தம் செல்லாது. நீங்களே கூப்பிட்டு உங்கள் வீட்டில் வைத்துக் கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தையும் எழுத்துப் பிரதி கிடைத்ததில் இருந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யலாம். 2024 ஜூனில் இந்த நோசிப் பதிவுகளை வீட்டுப் பாவனைப் பொருட்களுக்கு மாகாணம் தடை செய்துவிட்டது. மாமிக்கு அது கொஞ்சம் பிந்தி வந்த சட்டம். தடை வந்த பிறகு இவர்கள் கதையை மாற்றியிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். "அரசாங்கம் ஹீட் பம்ப் இலவசமாகத் தருகிறது" என்று போனில் வருவார்கள், ஃபேர்னஸுக்கும் ஏசிக்கும் பதிலாகப் போடுகிற மின்சார மெஷின்தான் ஹீட் பம்ப். மாகாணச் சலுகைத் திட்டம் இருப்பது உண்மைதான், ஆனால் அது பொதுவாகச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவது. முழு இலவசம் என்று பேசுகிறவரின் தாளில் எங்கேயோ ஒரு மாதக் கட்டணம் ஒளிந்திருக்கும்.

ஏசி விசயம் இவ்வளவு பயங்கரமில்லை, வேர்த்தாலும் உயிர் போகாது என்று நாங்கள் ஊரில் வளர்ந்தவர்கள். ஆனாலும் ஜூலையில் மேல்மாடியில் படுக்க முடியாமல் போகும்போது அதே பதற்றம் வரும். வெளியே இருக்கிற பெட்டி "ம்ம்ம்" என்று முனகும், விசிறி சுற்றாது என்றால் பெரும்பாலும் மோட்டரைக் கிளப்புகிற கபாசிற்றர் பழுது. டின்பால் பேணி உயரத்தில் ஒரு வெள்ளிநிற உருளை. நல்லதென்றால் மேல்மூடி தட்டையாக இருக்கும், கெட்டால் பலவேளை உப்பி நிற்கும். அதில் 45/5 என்பது போல எழுதியிருக்கும், முதல் எண் கொம்பிரசருக்கு, இரண்டாவது விசிறிக்கு. மெக்கானிக் மீற்றரில் அளந்து எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுக் காட்டலாம், ஒரு நிமிச வேலை. கரன்ட் அணைத்த பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கிற சாமான் அது, நீங்கள் கை வைக்காதீர்கள். ஜூன் தொடக்கத்தில் பொப்லர் மரங்களின் பஞ்சு பறந்து வந்து பெட்டியைச் சுற்றிப் போர்த்துவிடும். கரன்ட்டை அணைத்துவிட்டு, தோட்டக் குழாயால் மெதுவாகக் கழுவினால் போதும்.

ஏசியில் அடிக்கடி கேட்கிற வசனம் "காஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும்". ஏசி வாயு கார் பெற்றோல் போல எரிந்து குறைவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. ஒழுக்கு எங்கே என்று தேடாமல் வருசாவருசம் நிரப்புகிறவர் உங்கள் காசைக் காற்றில் விடுகிறார். குழாயில் பனிக்கட்டி படர்ந்ததென்றாலும் உடனே காஸ் குறைவு என்று முடிவு கட்ட வேண்டாம், அடைத்த ஃபில்டரும் அதையே செய்யும். பெட்டியின் ஸ்ரிக்கரில் ஆர்-22 என்று இருந்தால் மட்டும் யோசியுங்கள். 2020 முதல் கனடாவில் அதன் தயாரிப்பும் இறக்குமதியும் ஏறக்குறைய நின்றுவிட்டதால் விலை ஏறிக் கிடக்கிறது. ஒழுகுகிற ஆர்-22 மெஷினில் மேலும் காசு போடுவதை விட மாற்றுவதுதான் சரி. ஏசி ஒழுங்காகக் குளிர்கிறதா என்று நீங்களே பார்க்க ஒரு சமையல் தேர்மோமீற்றர் போதும். காற்றை உள்ளே இழுக்கிற பெரிய கிறில்லில் ஒரு அளவு, ஃபேர்னஸுக்குக் கிட்ட இருக்கிற ஒரு வெளிவாயில் ஒரு அளவு. 8 முதல் 11 பாகை வித்தியாசம் வந்தால் மெஷினைத் திட்ட வேண்டாம், மேல்மாடி சூட்டுக்குக் காரணம் வேறு எங்கேயோ.

புதுசு போட்டே ஆக வேண்டிய நாளும் வரும்தான். அப்போது மூன்று இடத்தில் விலை கேட்பதை எல்லோரும் சொல்வார்கள். நான் பார்ப்பது, வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தாரா என்பதை. பழைய மெஷினின் ஸ்ரிக்கரில் இருக்கிற சூட்டளவை மட்டும் பார்த்து "இது 80 ஆயிரம் பி.ரி.யூ., இதே அளவு போடுவோம்" என்கிறவர் கணக்குப் பார்க்கவில்லை. கனடாவில் இதற்கு எஃப்280 என்று ஒரு கணக்கு முறை இருக்கிறது. சுவர், ஜன்னல், இன்சுலேசன் எல்லாம் சேர்த்து வீடு எவ்வளவு சூட்டை இழக்கிறது என்று பார்ப்பது. முந்திப் போட்ட மெஷின்கள் பல வீடுகளில் தேவைக்கு மேல் பெரிசு. பெரிசாக இருந்தால் சட்டென்று சூடாக்கி நின்று, திரும்பத் திரும்ப எழும்பும், சத்தம் கூட, கீழறை வெக்கை, மேலறை குளிர். எங்கள் ஆட்களுக்கு எதிலும் ஒரு சைஸ் கூட வாங்கினால்தான் மனம் ஆறும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பூட்டிய பிறகு உங்கள் பெயரில் வாரண்டியைக் கொம்பனித் தளத்தில் பதிந்தார்களா என்று கேளுங்கள். பல தயாரிப்புகளில் குறித்த நாளுக்குள் பதிந்தால்தான் பாகங்களுக்கு 10 வருசம், இல்லாவிட்டால் 5. கூலி அதில் சேராது.

வருசத்துக்கு ஒரு சேர்விஸ் போதும், ஃபேர்னஸை ஒக்ரோபருக்கு முன்னும் ஏசியை மே மாதத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் நின்றுபோகிற முதல் குளிர் நாளில் நல்லவர்கள் யாரும் கிடைக்க மாட்டார்கள். ஏசியை ஏப்ரல் குளிரில் போட்டுச் சோதிக்கவும் வேண்டாம். வெளியே 15 பாகைக்குக் கீழே இருக்கும்போது ஓட்டினால் கொம்பிரசருக்குக் கேடு.

பிறகு, வீட்டுக் காற்றுக் குழாய்களைத் துப்புரவாக்குகிறோம் என்று வருகிற அந்த டக்ட் கிளீனிங் போன்கள். வீடு முழுக்க 99 டொலர், இன்றைக்கு மட்டும், உங்கள் ஏரியாவில் எங்கள் ட்ரக் நிற்கிறது. பேசுகிறவரோடு நான் சண்டை பிடிப்பதில்லை. கொம்பனியின் பதிவுப் பெயரையும் தெரு விலாசத்தையும் சொல்லுங்கோ, எழுதிக்கொள்கிறேன் என்பேன். இதுவரைக்கும் ஒருவரும் தெரு இலக்கம் வரை வந்ததில்லை.